பதிவேட்டில் இருந்தால்தான் பணம்: மகாபொலவும் மட்டக்களப்பின் மாணவர்களும்

"பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டு. இனி மகாபொல வரும்தானே?"

உயர்தரப் பெறுபேறும் வெட்டுப்புள்ளியும் வெளியாகும் காலங்களில் தேற்றாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று எழுவான்கரையின் எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் வெற்றிலைத் தோட்டத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், வாவியில் வலை போடுபவராக இருக்கலாம், கணவன் மத்திய கிழக்கில் இருக்கத் தனியே குடும்பத்தை நடத்தும் தாயாகவும் இருக்கலாம். குடும்பத்தின் வறுமையைப் பார்த்து அரசாங்கம் கொடுக்கும் உதவிதான் மகாபொல என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பாதிதான் சரி. குடும்பத்தின் வருமானம் பார்க்கப்படுகிறது, ஆனால் அதற்கு முன்னதாக இன்னொன்று பார்க்கப்படுகிறது. இந்தப் பிள்ளை எங்கே, எந்த வகை மாணவராகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்? உள்வாரியா, வெளிவாரியா? முழுநேரமா, பகுதிநேரமா? விரிவுரைக்கு ஒழுங்காக வருகிறாரா? இடையில் விடுப்பு எடுத்தாரா? ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்கிறாரா? இந்தக் கேள்விகளைத் தாண்டிய பிறகே வறுமை கணக்கில் வருகிறது. ஆகவே ஒரே ஒழுங்கையில், ஒரே வருமானத்தில் வாழும் இரண்டு வீடுகளில் ஒரு பிள்ளைக்கு நான்கு வருடம் பணம் வருகிறது, மற்றப் பிள்ளைக்கு ஒரு சதமும் வருவதில்லை.

இதை அநீதி என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. இந்த விதிகளுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இன்றைய மட்டக்களப்புக்கு எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதையே இந்தக் கட்டுரை பார்க்கிறது.

மகாபொல யாருக்காக உருவானது?

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, பல்கலைக்கழகம் வரைக்கும் கட்டணத்தை நீக்கியது. ஆனால் கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று ஆகிவிடாது. தங்குமிடம், சாப்பாடு, பஸ், போட்டோப் பிரதி, உடுப்பு எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பவே 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் உருவானது. அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் பெயரோடு அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. நிதியத்தின் முதலீடுகளும் லொத்தர் வருமானமும் அரச ஒதுக்கீடும் சேர்ந்து அதை நடத்தி வந்திருக்கின்றன.

மகாபொல கிடைக்காத, ஆனால் வருமானம் குறைந்த உள்வாரி மாணவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் ஊடாக வழங்கப்படுவது பேர்சரி. இரண்டையும் ஒருவர் ஒரே நேரத்தில் பெற முடியாது. மகாபொலவுக்கான தெரிவு பல்கலைக்கழக அனுமதியோடு இணைந்து நடக்கிறது. பேர்சரிக்கான விண்ணப்பத்தில் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையும் பிரதேச செயலகத்தின் உறுதிப்படுத்தலும் முக்கியமாகின்றன.

தொகையைப் பொறுத்தவரை, 2015 அளவில் மகாபொல மாதம் 5,000 ரூபாவாகவும் பேர்சரி 4,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்தத் தொகை அசையவில்லை. இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அரிசி, மண்ணெண்ணெய், பஸ் கட்டணம் எல்லாம் ஏறின, புலமைப்பரிசில் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம்தான் மகாபொலவை 7,500 ரூபாவாகவும் பேர்சரியை 6,500 ரூபாவாகவும் உயர்த்த முன்வந்தது.

தொகை உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் பொது விவாதம் முழுவதும் தொகையைச் சுற்றியே நடக்கிறது. யாருக்கு அந்தத் தொகை போகவே போகாது என்பது பற்றிப் பேச்சு மிகக் குறைவு.

பதிவுக்கு முந்திய பாலைவனம்

முதலில் விழும் ஓட்டை, பதிவு செய்வதற்கு முன்பே இருக்கிறது. உதவித்தொகை மாணவருக்குரியது. ஆனால் உயர்தரம் எழுதிய பிள்ளை, பல்கலைக்கழகத்தில் பதிவாகும் வரை எந்த அரச ஏட்டிலும் மாணவர் அல்ல. பாடசாலையை விட்டாயிற்று, பல்கலைக்கழகம் இன்னும் தொடங்கவில்லை.

இந்த இடைக்காலம் சிறியதாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளைப் பாருங்கள். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில்தான் நடந்தது. பெறுபேறு அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்தது. 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு மே இறுதியில் வெளியானது. 2024ஆம் ஆண்டுக்குரியது நவம்பர் 25இல் தொடங்கி, வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு மீண்டும் நடந்தது. பெறுபேறு 2025 ஏப்ரல் 26இல் வந்தது. பெறுபேற்றுக்குப் பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு, கல்வியாண்டு தொடக்கம் என்று இன்னும் பல மாதங்கள் போகின்றன. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வந்த பிள்ளை விரிவுரை மண்டபத்துக்குள் நுழைய ஓராண்டுக்கு மேல் ஆவது இங்கே வழமையாகிவிட்டது.

வசதியான வீட்டில் இந்த ஓராண்டு ஆங்கில வகுப்பும் கணினிப் பயிற்சியுமாகப் போகும். வசதி குறைந்த வீட்டில் அது உழைக்க வேண்டிய ஆண்டு. ஆண் பிள்ளைகள் கொழும்பில் கடைகளுக்குப் போகிறார்கள், சிலர் கட்டாருக்கோ சவூதிக்கோ கடவுச்சீட்டு எடுக்கிறார்கள். பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கோ, முன்பள்ளிக்கோ, கடைக்கோ போகிறார்கள். பிறகு பல்கலைக்கழகக் கடிதம் வரும்போது வீடு அந்தச் சம்பளத்துக்குப் பழகியிருக்கும். இப்போது கையில் வரும் பணத்தை விட்டுவிட்டு, எப்போது வரும் என்று தெரியாத ஒரு தவணையை நம்பிப் போவதா என்ற கேள்வி எழுகிறது. படிப்பை விடுவது என்ற முடிவு பல வீடுகளில் இப்படித்தான், யாரும் உரத்துச் சொல்லாமல் எடுக்கப்படுகிறது.

பதிவான பிறகும் பணம் உடனே வருவதில்லை. பெயர்ப் பட்டியல் உறுதியாகி, வங்கிக் கணக்கு விபரம் சரிபார்க்கப்பட்டு முதல் தவணை வர மாதங்கள் ஆகும். ஆனால் போடிங்குக்கு முற்பணம், மெத்தை, வாளி, முதல் மாதச் சாப்பாடு எல்லாம் முதல் வாரத்திலேயே வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகும், அல்லது நுண்கடன் எடுக்கப்படும். உதவித்தொகை வந்து சேரும்போது அதில் ஒரு பகுதி வட்டிக்குப் போய்விடும்.

மாதம் என்பது மாதம் அல்ல

இரண்டாவது விடயம் கணக்குச் சம்பந்தப்பட்டது. 2025 வரவு செலவுத் திட்டம் மகாபொல மாதம் 7,500 என்று சொன்னது. ஆனால் அது ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை வழங்கப்படுவதில்லை. ஒரு கல்வியாண்டுக்கு 10 தவணை என்பதே நடைமுறை. நான்கு வருடப் பட்டப்படிப்புக்கு 40 தவணை. மொத்தம் 3 இலட்சம் ரூபா.

கல்வியாண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றாக ஓடினால் இதில் பெரிய பிழை இல்லை. ஆனால் இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அவை ஒன்றாக ஓடி நெடுங்காலம் ஆகிவிட்டது. கொவிட் காலத்தில் வளாகங்கள் மூடப்பட்டன. 2022இல் எரிபொருள் இல்லை. 2024 மே தொடக்கம் இரண்டு மாதங்களுக்கு மேலாகக் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களை முடக்கியது. இவற்றில் எதற்கும் மாணவர் காரணம் அல்ல.

நான்கு வருடப் படிப்பு ஐந்து வருடமாக இழுபட்டால் என்ன ஆகும்? 40 தவணை 40 ஆகவே இருக்கும், மாதங்கள் 60 ஆகும். 3 இலட்சத்தை 60ஆல் பிரித்தால் மாதம் 5,000 ரூபாதான். அதாவது அறிவித்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு தவணைக் கணக்காலும் காலதாமதத்தாலும் கரைந்து போகிறது. பழைய 5,000 ரூபாக் கணக்கில் இதே கதையைப் பார்த்தால் மாதம் 3,333 ரூபா. போடிங் வாடகை இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வளாகம் மூடியிருந்தாலும் வீட்டுக்காரருக்கு மாத வாடகை கொடுத்தாக வேண்டும்.

வராதவருக்கு இல்லை

மூன்றாவது, வரவு. உதவித்தொகை தொடர்ந்து கிடைக்க 80 வீத வரவு எதிர்பார்க்கப்படுகிறது. நியாயமான விதி என்றே எவரும் சொல்வார். படிக்காதவருக்கு ஏன் பொதுப் பணம்?

ஆனால் தேற்றாத்தீவில் இருந்து வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் போய்வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். ஒரு வழிக்கு ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். கல்முனை வீதியில் மட்டக்களப்பு நகரம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து செங்கலடிப் பக்கமாக இன்னொரு பஸ். மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் பாதை கிடையாது. காலை எட்டு மணி விரிவுரைக்கு ஐந்தரைக்கே வீதிக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் வாவி பெருகி வீதிகளில் நீர் நிற்கும் நாட்களில் அந்தப் பயணம் நடக்காது. படுவான்கரையில் இருந்து வருபவருக்கு நிலைமை இன்னும் கடினம்.

விடுதி கிடைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. விடுதி கிடைக்காவிட்டால் போடிங். போடிங்குக்குப் பணம் இல்லாவிட்டால் பஸ். பஸ்ஸில் போனால் வரவு குறைகிறது. வரவு குறைந்தால் உதவித்தொகை நிற்கிறது. உதவித்தொகை நின்றால் போடிங்குக்குப் போகவே முடியாது. வறுமையைத் தாண்டக் கொடுக்கப்படும் பணம், வறுமையின் விளைவான ஒன்றையே காட்டி நிறுத்தப்படும் வட்டம் இது. பகுதிநேரமாக ஒரு கடையில் கணக்கு எழுதி உழைக்கும் மாணவருக்கும் இதே வட்டம்தான். அத்துடன் நிரந்தர வேலையில் இருப்பவர் மகாபொலவுக்கு உரித்துடையவர் அல்லர்.

நோய்வாய்ப்பட்டு ஒரு அரையாண்டு விடுப்பு எடுப்பவர், குழந்தைப்பேறுக்காக இடைநிறுத்துபவர், பரீட்சையில் தவறி ஒரு வருடத்தைத் திரும்பப் படிப்பவர் ஆகியோருக்கும் அந்தக் காலத்தில் கொடுப்பனவு நிற்கிறது. பெயர் பதிவேட்டில் இருக்கும், ஆனால் பணத்தைப் பொறுத்தவரை அவர் இல்லாதவர். அதிகம் உதவி தேவைப்படும் மாதங்கள் அவைதான்.

வெளிவாரி என்ற வார்த்தை

இவை எல்லாம் உள்ளே போனவர்களின் கதை. வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கையோ இதைவிடப் பெரியது.

2024ஆம் ஆண்டுக்குரிய உயர்தரத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்களில் இடமோ அதில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மட்டக்களப்பு உட்படப் பதினாறு மாவட்டங்களைப் பின்தங்கிய மாவட்டங்களாக ஏற்று அவற்றுக்குத் தனியாக ஐந்து வீத இடம் ஒதுக்கப்பட்டாலும், தகுதி பெற்ற பெரும்பாலானோர் வெளியேதான் நிற்க வேண்டும்.

அவர்களுக்கு முன்னால் சில வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் பதிவின் தன்மை வேறு, உதவியின் தன்மையும் வேறு.

முதலாவது வெளிவாரிப் பட்டம். கிழக்குப் பல்கலைக்கழகம் உட்படப் பல அரச பல்கலைக்கழகங்கள் இதை நடத்துகின்றன. பட்டச் சான்றிதழைக் கொடுப்பது அரச பல்கலைக்கழகம், ஆனால் பதிவுக் கட்டணமும் பரீட்சைக் கட்டணமும் மாணவரே கட்டுகிறார். விடுதி இல்லை, மகாபொல இல்லை, பேர்சரி இல்லை. தனியார் வகுப்புக்குப் போனால் அதற்கும் பணம். உள்வாரி மாணவருக்குக் கல்வி இலவசம், அதன்மேல் உதவித்தொகையும் உண்டு. வெளிவாரி மாணவர் கட்டணமும் கட்டுகிறார், உதவியும் பெறுவதில்லை. இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் பல வேளைகளில் இசட் புள்ளியில் ஒரு சிறு தசமம்.

இரண்டாவது, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். மட்டக்களப்பிலும் அதற்கு நிலையம் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்பது அதன் பலம். ஆனால் பாட அலகுகளுக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். முழுநேர உள்வாரி மாணவருக்குரிய மகாபொல ஏற்பாடு அங்கே இல்லை.

மூன்றாவது, உயர் தொழில்நுட்ப நிறுவனங்களின் டிப்ளோமாக்கள். அங்கே முழுநேர மாணவருக்குக் கட்டணம் இல்லை, பகுதிநேர மாணவர் கட்டணம் கட்டுகிறார். பகலில் உழைத்து வார இறுதியில் படிப்பவர் முழுநேர மாணவரைவிட வசதியானவர் என்ற ஊகம் இதற்குள் இருக்கிறது. கொழும்பில் வங்கியில் வேலை செய்துகொண்டு படிக்கும் ஒருவருக்கு அந்த ஊகம் பொருந்தலாம். ஆரையம்பதியில் கடையில் நின்று உழைத்துப் படிக்கும் ஒருவருக்கு அது பொருந்தாது.

நான்காவது, தாழங்குடாவில் உள்ளது போன்ற தேசிய கல்வியியற் கல்லூரிகள். தங்கியிருந்து படிக்கும் ஆசிரிய மாணவருக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. கிழக்கில் பல குடும்பங்கள் இதை விரும்புவதற்கு அந்தக் கொடுப்பனவும் பின்னர் கிடைக்கும் நியமனமும் காரணம். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு முழுநேர அரச கற்கைநெறிகளில் பதிவாக இருக்க முடியாது. எதில் முதலில் பதிவது, எதை விடுவது என்ற முடிவைப் பத்தொன்பது வயதில், சரியான தகவல் இல்லாமல் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன். உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர், அங்கீகரிக்கப்பட்ட அரச சார்பற்ற நிறுவனம் ஒன்றில் பட்டம் படிக்க அரச வங்கி ஊடாகக் கடன் பெறலாம். வட்டியை அரசாங்கம் ஏற்கிறது. தொடக்கத்தில் கற்கைக் கட்டணத்துக்கு 8 இலட்சம் வரையும், விரும்பினால் செலவுக்கு நான்கு வருடத்துக்குமாக 3 இலட்சம் வரையும் என்று அது அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம். ஆனால் அந்த நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. படிப்பு ஆங்கிலத்தில். தேற்றாத்தீவில் இருந்து கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிக்க அந்த மேலதிகத் தொகை எத்தனை மாதம் தாங்கும் என்று எந்தப் பெற்றோருக்கும் கணக்குப் போடத் தெரியும். கடனைப் பொறுப்பேற்க உத்தரவாதம் தரக்கூடியவரைத் தேடுவது அடுத்த தடை.

ஐந்து வழிகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மிகக் குறைந்த செலவில் படிப்பவருக்கு மானியம், அதைவிடக் கூடிய செலவில் படிப்பவருக்குக் கடன், வேலை செய்துகொண்டு படிப்பவருக்கு ஒன்றும் இல்லை. தேவையைப் பார்த்து யாரும் இப்படி வரைந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு அமைச்சின் கீழ் வந்து சேர்ந்ததால் உண்டான ஏற்பாடு இது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

பதிவின் தன்மையைப் பார்த்து உதவியைத் தீர்மானிப்பது இலங்கைக்கு மட்டும் உரியது அல்ல. எங்கள் உறவுகள் வாழும் நாடுகளிலும் இதே கேள்வி உண்டு.

அமெரிக்காவில் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் 12 அலகுகள் எடுத்தால் முழுநேரம், 6 எடுத்தால் அரைநேரம். மத்திய அரசின் கடனுக்குக் குறைந்தது அரைநேரமாவது படிக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆறு மாதச் சலுகைக் காலம் ஓடத் தொடங்கி, பின்னர் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் வறிய மாணவருக்கான பெல் மானியம் வேறு வழியில் போகிறது. 2024-25 தொடக்கம் அது எடுக்கும் அலகுகளின் வீதத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படுகிறது. முழுநேரத்தில் எழுபத்தைந்து வீதம் படித்தால் மானியத்திலும் எழுபத்தைந்து வீதம். 'எல்லாம் அல்லது ஒன்றுமில்லை' என்ற நிலை அங்கே இல்லை.

இங்கிலாந்தில் நெடுங்காலம் முழுநேர மாணவருக்கு மட்டும் இருந்த வாழ்க்கைச் செலவுக் கடன் 2018-19 தொடக்கம் பகுதிநேரப் பட்டப்படிப்பு மாணவருக்கும் திறக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபா கொடுக்கிறது. 2024 ஓகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. கல்லூரிக்குப் போவதையே ஊக்குவிப்பதால் பெண்களின் சேர்க்கைக்கு இது உந்துதலாகப் பார்க்கப்படுகிறது. ஆனால் புதுமைப் பெண் திட்டத்திலும் தொலைநிலைக் கல்வியில் படிப்பவருக்கு இடமில்லை. ஆக அங்கேயும் எங்கள் வெளிவாரி மாணவியின் சகோதரி ஒருத்தி வெளியே நிற்கிறாள்.

இந்த ஒப்பீட்டில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. பதிவின் தன்மையைப் பார்ப்பது தவறு அல்ல. பார்த்த பிறகு கதவை முழுதாக மூடுவதா, அளவைக் குறைப்பதா என்பதே கொள்கை.

எதிர்வாதம்

வெளிவாரி மாணவருக்கும் பணம் கொடுக்கத் தொடங்கினால் நிதியம் தாங்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிவாரியில் பதிவு செய்துவிட்டு ஒரு பரீட்சைக்கும் தோற்றாதவர்கள் ஏராளம். பெயருக்குப் பதிந்து பணத்தைப் பெறுவோர் உருவாகலாம். பொருளாதார நெருக்கடியில் இருந்து இன்னும் முழுதாக மீளாத அரசு அதைச் சுமக்க முடியாது.

ஆனால் இதற்குப் பதில், பதிவைப் பார்க்காமல் முன்னேற்றத்தைப் பார்ப்பது. ஒரு வெளிவாரி மாணவர் முதலாம் வருடப் பரீட்சையில் சித்தியடைந்தால், அவர் கட்டிய பரீட்சைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இது மாதாந்தக் கொடுப்பனவு அல்ல, செலவும் சிறியது. பெயருக்குப் பதிபவர் அதைப் பெற முடியாது. உண்மையில் படிக்கும் வறிய பிள்ளை பெறும். யார் வறியவர் என்று கண்டுபிடிப்பதும் புதிய வேலை அல்ல. 2023இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்துக்காகக் குடும்பங்களின் விபரம் ஏற்கெனவே திரட்டப்பட்டிருக்கிறது. அதில் குறைகள் உண்டு, முறைப்பாடுகளும் உண்டு. ஆனாலும் ஒரு தொடக்கப்புள்ளி இருக்கிறது.

செய்யக்கூடியவை

இன்னும் மூன்று மாற்றங்களைச் சட்டத்தைத் தலைகீழாக்காமலே செய்யலாம்.

ஒன்று, வருமானம் குறைந்த மாணவருக்குப் பதிவு நாளிலேயே முதல் இரண்டு தவணையை முற்பணமாகக் கொடுப்பது. தெரிவு விண்ணப்பத்திலேயே குடும்ப விபரம் இருப்பதால் இது சாத்தியம். அடகுக்கடைக்குப் போகும் நகைகளில் ஒரு பகுதியாவது வீட்டில் இருக்கும்.

இரண்டு, மாணவரின் தவறு இல்லாமல் கல்வியாண்டு நீளும்போது தவணைகளும் நீள வேண்டும். வேலைநிறுத்தமும் மூடலும் பதிவாகும் நிகழ்வுகள். அவற்றைக் கணக்கெடுத்து மேலதிகத் தவணை வழங்குவது நிர்வாகத்துக்குக் கடினம் அல்ல.

மூன்று, மருத்துவ விடுப்பிலும் மகப்பேற்று விடுப்பிலும் இருப்பவருக்கு, முழுத் தொகை இல்லாவிட்டாலும் பாதியாவது கொடுத்துப் பிடித்து வைத்திருப்பது. விடுப்பில் போய்த் திரும்பி வராத ஒவ்வொருவரும் அதுவரை அரசு செலவிட்ட பணத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறார்.

ஊர்மட்டத்தில் செய்யக்கூடியதும் உண்டு. மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச செயலகம் போன்ற இடங்களில், பெறுபேறு வந்த வாரத்திலேயே தமிழில் ஒரு தகவல் நாள் நடத்தலாம். ஆலய நிர்வாக சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் திருவிழாவுக்கும் மைதானத்துக்கும் பணம் சேர்க்கும் ஊர்கள் இவை. புலம்பெயர்ந்தோரும் கேட்டால் அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, பதிவுக்கும் முதல் தவணைக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கான வட்டியில்லாக் கைமாற்றாக வைத்தால், ஒரே தொகை ஒவ்வொரு ஆண்டும் வேறு பிள்ளைகளுக்குச் சுழலும். முதல் தவணை வந்ததும் அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள்.

மாணவரும் பெற்றோரும் மனதில் வைக்க வேண்டியவை சில. பல்கலைக்கழக விண்ணப்பத்தின்போதே மகாபொலவுக்குரிய பகுதியைத் தவறாமல் நிரப்புங்கள். மகாபொலப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், பேர்சரிக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. வருமானச் சான்றைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு முழுநேரக் கற்கைநெறியில் பதிவதற்கு முன், அது பல்கலைக்கழகப் பதிவை என்ன செய்யும் என்று கேட்டு அறியுங்கள். நோய்வாய்ப்பட்டால் பேசாமல் விரிவுரைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். மருத்துவச் சான்றோடு முறைப்படி அறிவியுங்கள். அறிவிக்காமல் விட்ட நாட்கள் வெறும் வரவின்மையாகவே ஏட்டில் ஏறும்.

எண்பது ஆண்டுகளுக்கு முன் இலவசக் கல்வி வந்தபோது, கட்டணம் கட்ட முடியாததால் ஒரு பிள்ளையும் வெளியே நிற்கக்கூடாது என்பதே நோக்கம். இன்று தேற்றாத்தீவில் இருந்து வெளிவாரிப் பரீட்சைக் கட்டணத்துக்காக வெற்றிலைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் பிள்ளையும் அரச பல்கலைக்கழகத்தின் மாணவர்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் இலச்சினை பொறித்த சான்றிதழைத்தான் அவரும் பெறப்போகிறார். சான்றிதழ் கொடுக்கும்போது மாணவராக ஏற்கும் அரசு, பசிக்கும்போதும் அவரை மாணவராக ஏற்க வேண்டும்.